முதலாளியின் மூன்றாவது கேள்வி

சேசு மரி சூசை துணை

அந்தோணியார்புரம்,
ராசிபுரம் வழி.
11-7-1981

அன்புள்ள அத்தானுக்கு,

ஞானமேரி எழுதிக்கொண்டது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நான் நலம். இருக்கிற நிலைமைக்கு அத்தையும் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

அத்தை கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு நன்றாகவே முறிந்திருக்கிறது. எழுந்து உட்காரவே மூன்று நான்கு மாதம் ஆகும் என்று சேலம் டாக்டர் சொன்னாராம். என்னைப் பார்த்ததும், "வந்துட்டயா சாமி, உன்ற வேலையெல்லாம் உட்டுப்போட்டா வந்தே?" என்று கேட்டு அழுதார். "விடலைங்க அத்தை, கூடவே கொண்டாந்துட்டேன்" என்று புரூஃப் கட்டை எடுத்துக் காட்டினேன். நம்பவில்லை. அச்சகத்து வேலையை வீட்டில் உட்கார்ந்து செய்ய முதலாளி சம்மதித்தார் என்றால் எனக்கே இன்னும் முழுசாக நம்பிக்கை வரவில்லை.

நேற்றுத்தான் வேலைக்கு உட்கார்ந்தேன். அங்கே அச்சகத்தில் நீங்கள் கையெழுத்துப் பிரதியைக் கமா, முற்றுப்புள்ளி உட்பட உரக்க வாசிப்பீர்கள், நான் புரூஃபைப் பார்த்துத் திருத்திக்கொண்டே வருவேன். இங்கே இடது பக்கம் பிரதி, வலது பக்கம் புரூஃப். இரண்டுக்கும் நடுவில் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பழகிவிடும்.

எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள்.

உங்கள் அன்பு மனைவி,
ஞானமேரி

---

வேப்பேரி, சென்னை-7.
20-7-1981

அன்புள்ள ஞானமேரிக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். உன் சுகமும் அம்மாவின் சுகமும் கேட்டு எழுதுகிறேன். நீ அங்கே இருப்பதால்தான் என்னால் இங்கே நிம்மதியாகத் தூங்க முடிகிறது. அம்மாவை இந்த மாடிப் போர்ஷனுக்குக் கொண்டுவரவும் முடியாது, அவர் ஊரை விட்டு வரவும் மாட்டார். நீதான் எல்லாவற்றுக்கும்.

முதலாளி சரவணமுத்து நேற்று என்னைக் கூப்பிட்டார். முப்பது வருஷமாக மதராசில் இருந்தும் அவர் பேச்சில் நாமக்கல் மாறவில்லை. "பாருங்க அற்புதராஜ், ஆறு மாசம் பாக்கலாம். நம்ம மச்சான் லாரி ராசிபுரத்துக்குத் தெனமும் போவுது, அதுல கட்டு போகட்டும் வரட்டும். எனக்கு மூணு விசயம் தெரியோணும். வேலைல தப்பு கூடுதா, கொறையுதா? சொன்ன நாள்ல வருதா? மூணாவது, ஆளு திருப்தியா இருக்குதா? ஆறு மாசங் கழிச்சு நீங்களே எழுதிக் குடுத்துருங்க" என்றார்.

"என் சம்சாரத்தைப் பத்தி நானே எப்படிங்க எழுதறது?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாம வேற ஆருக்குங்க தெரியும்?" என்றார்.

உன் நாற்காலியில் இப்போது தங்கமுத்து அண்ணனை உட்கார வைத்திருக்கிறார்கள். நான் வாசிக்கிறேன், அவர் திருத்துகிறார். மத்தியானத்துக்கு மேல் அவருக்குக் கண் சொருகிவிடுகிறது.

அன்புடன்,
அற்புதராஜ்

---

சேசு மரி சூசை துணை

அந்தோணியார்புரம்
17-8-1981

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே இருவரும் நலம். அங்கே உங்கள் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். மாதா திருநாளுக்குப் பூசைக்குப் போய்வந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் அத்தைக்குத் துணையாக உட்கார்ந்திருந்தார்.

வேலை ஒழுங்காக நடக்கிறது. வியாழக்கிழமை பஸ் ஏறி ராசிபுரம் லாரி ஆபீசுக்குப் போகிறேன். புக்கிங் கிளார்க் வெள்ளியங்கிரி என்னைக் கண்டதும், "உங்க புஸ்தகம் வந்துருச்சுங்க" என்று கட்டைத் தூக்கி வைக்கிறார். பத்தாம் வகுப்பு நோட்ஸ் என்று சொன்னதிலிருந்து அவருக்கு என்மேல் ஒரு மரியாதை. அவர் மகள் பத்தாவது படிக்கிறாளாம்.

ஒரு வேடிக்கை. கண்ணால் மட்டும் பார்த்தால் சில பிழைகள் நழுவுகின்றன என்று நானே உரக்க வாசித்துப் பார்த்தேன். உள்ளேயிருந்து அத்தை கேட்டார்: "யாரு கூடப் பேசற சாமி?"

"புத்தகத்தோடங்க அத்தை."

"அது பதில் பேசுதா?"

சிரித்துவிட்டேன். அதன் பிறகு வாய்க்குள்ளேயே வாசித்துக்கொள்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை. தங்கமுத்து அண்ணனை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

ஞானமேரி

---

சென்னை-7.
6-9-1981

அன்புள்ள ஞானமேரிக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலம் என்று அறிந்து சந்தோஷம்.

உன்னைப் பற்றித்தான் அச்சகம் முழுக்கப் பேச்சு. நீ திருத்தி அனுப்பிய விஞ்ஞான நோட்ஸை முதலாளி தானே உட்கார்ந்து ஒரு தரம் பார்த்திருக்கிறார். ஒரு எழுத்துப் பிழைகூட அவர் கண்ணில் படவில்லையாம். "இங்க இருந்தப்ப நல்லா செஞ்சுது, அங்க போயி பிரமாதமா செய்யுது" என்று ஃபோர்மேனிடம் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. கெடுவுக்கு முன்பே கட்டு வந்துவிடுகிறது. எப்படி இவ்வளவு சீக்கிரம் முடிக்கிறாய்?

தொந்தரவு இல்லாத இடம், நல்ல காற்று. அதெல்லாம் சேர்ந்துதான் என்று நினைக்கிறேன். இங்கே மிஷின் சத்தத்தில் நான் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கிறது. தங்கமுத்து அண்ணனுக்கு ஒரு காது மந்தம் என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

பணவிடை அனுப்பியிருக்கிறேன். அம்மாவுக்கு ஹார்லிக்ஸ் வாங்கிக் கொடு.

அற்புதராஜ்

---

சேசு மரி சூசை துணை

அந்தோணியார்புரம்
3-11-1981

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். பதில் எழுத நாளாகிவிட்டது, மன்னிக்கவும். லேசான காய்ச்சல் இருந்தது, இப்போது இல்லை. கவலைப்பட வேண்டாம். கட்டு எதுவும் தாமதமாகவில்லை.

அத்தை இப்போது தலையணை வைத்தால் எழுந்து உட்காருகிறார். நேற்றுக் கல்லறைத் திருநாள். மழையில் நனைந்துகொண்டே போய் மாமாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி வைத்துவிட்டு வந்தேன். போதமலை தெரியாத அளவுக்கு மேகம். மரவள்ளிக் காடெல்லாம் தண்ணீர் நிற்கிறது.

சன்னல் பக்கத்து மின்விசிறியைச் சரிசெய்துவிட்டார்களா? டீக்காரர் இன்னும் பதினொரு மணிக்குத்தான் வருகிறாரா? மடிப்புப் பகுதி வசந்தாமணிக்கு வளைகாப்பு முடிந்திருக்குமே, யார் யார் போனீர்கள்? என் மேசைக்கு மேல் ஒரு காலண்டர் மாட்டியிருந்தேன், அதில் தாளைக் கிழிக்கிறார்களா? நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள். சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

கிறிஸ்மஸுக்கு வருவீர்கள் அல்லவா?

ஞானமேரி

---

சென்னை-7.
29-12-1981

அன்புள்ள ஞானமேரிக்கு,

உனக்கும் அம்மாவுக்கும் கிறிஸ்து பிறப்பு, புத்தாண்டு வாழ்த்துக்கள். வர முடியாமல் போனதில் எனக்கும் வருத்தம்தான். பரீட்சை நோட்ஸ் எல்லாம் ஒரே நேரத்தில் மிஷினில் ஏறியிருக்கிறது. பண்டிகையன்று பூசை முடிந்ததும் அச்சகத்துக்கே வந்துவிட்டேன். உன் காய்ச்சல் பூரணமாகக் குணமாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

ஒரு நல்ல செய்தி. ஆறு மாதம் ஆகப்போவதால் முதலாளி அந்த மூன்று கேள்விக்கும் பதில் கேட்டார். எழுதிக் கொடுத்துவிட்டேன். பிழை குறைந்திருக்கிறது, கட்டு நேரத்துக்கு வருகிறது, வேலை செய்பவர் திருப்தியாக இருக்கிறார். முதலாளிக்கு மிகவும் சந்தோஷம். இந்த ஏற்பாட்டை நிரந்தரமாக்கிவிட்டார். அம்மா நடக்க ஆரம்பித்த பிறகும் நீ அங்கிருந்தே செய்யலாம். வசந்தாமணி பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். அவளுக்கும் இனி மடிப்பு வேலையை வீட்டுக்கே அனுப்பலாமா என்று யோசிக்கிறார்.

உன் மேசையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதுக் கட்டிங் மிஷின் போட்டிருக்கிறார்கள். காலண்டரைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

அற்புதராஜ்

---

சென்னை-7.
31-1-1982

அன்புள்ள ஞானமேரிக்கு,

நலம், நலமறிய ஆவல். என் கடிதம் கிடைத்ததா? பொங்கலுக்கு முன்பும் ஒரு கார்டு போட்டேன். பதில் இல்லை.

உன் புரூஃப் கட்டுகள் மட்டும் தவறாமல் வருகின்றன. லாரியிலிருந்து கட்டு இறங்கியதும் நான்தான் பிரிக்கிறேன். ஒவ்வொரு தாளின் ஓரத்தையும் பார்க்கிறேன். சிவப்பு மையில் திருத்தம் இருக்கிறது. எழுத்தை மாற்று, இடம் விடு, சேர்த்துப் போடு. அதைத் தவிர ஒரு வரி இல்லை. கையெழுத்தைப் பார்த்து, உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்கிறேன்.

என்மேல் கோபமா? அம்மாவுக்கு ஏதாவதா? ஒரு கார்டாவது போடு.

அற்புதராஜ்

---

அந்தோணியார்புரம்
26-2-1982

அத்தானுக்கு,

அத்தை நலம். கம்பை ஊன்றி வாசல்வரை நடக்கிறார்.

யாரைக் கேட்டு நான் திருப்தியாக இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தீர்கள்?

உன்னைப் பார்த்துத்தான் எழுதினேன் என்பீர்கள். நீங்கள் பார்த்தது என் கடிதத்தை. அதில் முதல் வரியில் நலம் என்று இருக்கும். யார் எழுதினாலும் அப்படித்தான் இருக்கும். நலமில்லை என்று தொடங்கினால் பெரியவர்கள் பதறுவார்கள் என்று சிஸ்டர்மார் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள்.

எப்படி இவ்வளவு சீக்கிரம் முடிக்கிறாய் என்று கேட்டீர்களே, பிழை ஏன் குறைந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். காலையில் அத்தைக்கு வேண்டியதெல்லாம் செய்துவிட்டுப் புரூஃப் முன்னால் உட்கார்ந்தால் எழுவதில்லை. எழுந்து எங்கே போக? அந்தத் தாள்கள்தான் என்னிடம் ஏதோ சொல்கின்றன. உப்பு எப்படிக் கிடைக்கிறது, அசோகர் எங்கே கல்வெட்டு வைத்தார் என்று சொல்கின்றன. ஒரே தாளை மூன்று தடவை படிப்பேன். சீக்கிரம் முடித்துவிட்டால் அடுத்த கட்டு வரும்வரை வெறுமையாக இருக்கும் என்று பயந்து மறுபடி முதலிலிருந்து படிப்பேன். அதில் எங்கிருந்து பிழை தப்பும்?

எனக்கு வந்தது லேசான காய்ச்சல் இல்லை. கோயில் ஆஸ்பத்திரியிலிருந்து சிஸ்டர் தினமும் வந்து ஊசி போட்டார்கள். வந்தால் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போவார்கள். காய்ச்சல் விட்டதும் வருவதை நிறுத்திவிட்டார்கள். இன்னும் இரண்டு நாள் காய்ந்திருக்கலாமே என்று நினைத்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

லாரி ஆபீசில் கட்டை வாங்கியதும் வந்துவிடலாம். நான் உட்கார்ந்துகொண்டிருப்பேன். சுமை இறக்குவார்கள், கத்துவார்கள், டீ வரும். ஒரு நாள் வெள்ளியங்கிரி, "ஏனுங்கம்மா, இன்னொரு கட்டு வரோணுங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க" என்று எழுந்து வந்துவிட்டேன்.

நான் அத்தையைக் குறை சொல்லவில்லை. அவர் என்னைத் தங்கமாக வைத்திருக்கிறார். ஆனால் எட்டு வருஷம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அதை எடுத்து மிஷின் போட்டுவிட்டதை நல்ல செய்தி என்று எழுதுகிறீர்கள். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் இரண்டு மாதம் எழுதவில்லை. வசந்தாமணியையும் பிள்ளைத் தொட்டிலோடு வீட்டில் உட்கார வைக்க என் பெயர் உதவப் போகிறதா?

வேலை நன்றாக இருக்கிறது. நான் நன்றாக இல்லை. முதலாளியின் மூன்றாவது கேள்விக்கு இதுதான் பதில். அவரிடம் கொடுங்கள்.

ஞானமேரி

---

சென்னை-7.
8-3-1982

என் அன்புள்ள மேரிக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு நான்கு நாள் அலைந்தேன். பிறகு முதலாளி அறைக்குப் போய், நான் எழுதிக் கொடுத்தது தப்பு என்று சொல்லி, வாசித்துக் காட்டினேன். காய்ச்சல் பற்றிய இடத்தில் நிறுத்திவிட்டேன். அவரே வாங்கி மீதியைப் படித்தார்.

கடிதத்தை மடித்து என்னிடம் நீட்டியபடி, "வேலை நல்லா இருந்தா ஆளும் நல்லா இருக்குதுன்னு நெனச்சுப்போட்டனுங்க" என்றார். பிறகு, "கட்டிங் மிஷினை இனி எங்கீங்க நகத்தறது?" என்றார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். "ஏனுங்க, ஒருத்தருக்குப் போற கட்டு ரெண்டு பேருக்குப் போகாதா? நீங்களும் ஊருக்குப் போயிருங்க. ரெண்டு பேருமா ஊட்டுல உக்காந்து படிச்சு அனுப்புங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாதச் சம்பளம் இருக்காது, பதினாறு பக்கம் கொண்ட ஒரு ஃபாரத்துக்கு இவ்வளவு என்றுதான் கிடைக்கும். இருக்கட்டும். நான் வந்துவிடுகிறேன். கமாவோடு வாசிக்கிறேன். நீ திருத்து.

ஒன்று சொல்ல வேண்டும். நீ திருப்தியாக இருக்கிறாயா என்று நான் உன்னைக் கேட்காமல் இருந்தது மறதியால் இல்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாய். அப்புறம் அம்மாவை யார் பார்ப்பது?

ஈஸ்டர் முடிந்ததும் வருகிறேன்.

அற்புதராஜ்

---

அந்தோணியார்புரம்
15-3-1982

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் வரப்போவதைச் சொன்னதும் அத்தை பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

நீங்கள் வாருங்கள். ஆனால் நீங்கள் வந்ததும் நான் போகிறேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் குரலைக் கேட்க எனக்கு ஆசை இல்லையென்றா நினைக்கிறீர்கள்? நீங்கள் இங்கே வந்தால் என் ஏக்கத்தில் பாதி தீரும். மற்றப் பாதி உங்களைப் பற்றியது இல்லை. காலையில் சேலையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு ஓடி, மை வாசனைக்குள் நுழைந்து, நாலு பேரோடு சண்டை போட்டுச் சிரித்து, சாயங்காலம் களைத்து வரும் அந்த ஞானமேரியைத்தான் நான் தேடுகிறேன். அவளைக் கட்டாகக் கட்டி லாரியில் அனுப்ப முடியாது.

அவர் உங்கள் அம்மா. ஆறு மாதம் நீங்கள் பாருங்கள். புரூஃப் உங்களுக்கு வரட்டும். எனக்கு மேசை வேண்டாம், மடிப்புப் பகுதி ஓரத்தில் ஒரு ஸ்டூல் போதும் என்று முதலாளியிடம் சொல்லுங்கள்.

உங்களுக்குச் சம்மதம் இல்லையென்றால் அதையாவது எழுதுங்கள். சும்மா இருந்துவிடாதீர்கள்.

ஞானமேரி

---

சேசு மரி சூசை துணை

சென்னை-7.
20-6-1982

அன்புள்ள அத்தானுக்கு,

அத்தையின் கால் எப்படி இருக்கிறது? நீங்கள் சமைப்பதைச் சாப்பிடுகிறாரா?

நீங்கள் முதலாளியிடம் சொன்னபடியே இங்கே எனக்கு ஸ்டூல் கிடைத்தது. ஒரு பக்கம் கட்டிங் மிஷின், மறுபக்கம் வசந்தாமணி. பிள்ளையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு அவளும் வந்துவிட்டாள். தங்கமுத்து அண்ணன் வாசிக்க நான் திருத்துகிறேன். கமாவை அவர் சொல்வதே இல்லை. எங்கே மூச்சு வாங்குகிறாரோ அங்கே கமா இருக்கும் என்று நானே தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நாள் அவருக்கு இருமல் வந்துவிட்டது, ஒரு வரியில் ஏழு கமா போட்டேன். வசந்தாமணி சிரித்த சிரிப்பில் மடித்த தாளெல்லாம் சரிந்துவிட்டது.

போன வாரம் பூகோள நோட்ஸில் காவிரி வங்காள விரிகுடாவுக்குப் பதில் அரபிக் கடலில் கலந்துவிட்டது. அச்சாகி, பைண்டு ஆகி, கடைக்கே போய்விட்டது. முதலாளி கூப்பிட்டு, "ஏனம்மிணி, ஊருல இருந்தப்ப ஒரு தப்பு வல்லியே" என்றார். "ஆமாங்க" என்றேன். புத்தகங்களைக் கடையிலிருந்து திரும்ப வாங்கினோம். திருத்தச் சீட்டு அடித்து ஒட்டினோம்.

வேலை சுமார். நான் நன்றாக இருக்கிறேன். போர்ஷனுக்குத் திரும்பிக் கதவைத் திறக்கும்போது மட்டும் நன்றாக இல்லை. உங்கள் சட்டை ஒன்று ஆணியிலேயே தொங்குகிறது. துவைக்க எடுத்து, துவைக்காமல் திரும்ப மாட்டிவிட்டேன்.

நீங்கள் என்னைக் கேட்கவில்லை. நான் உங்களைக் கேட்கிறேன். அங்கே எப்படி இருக்கிறீர்கள்? உள்ளதை எழுதுங்கள்.

ஞானமேரி

---

சேசு மரி சூசை துணை

அந்தோணியார்புரம்
4-7-1982

என் அன்புள்ள மேரிக்கு,

நான் நன்றாக இல்லை.

வந்த புதிதில் அம்மாவோடு இருப்பதே பெரிய சந்தோஷமாக இருந்தது. இப்போது பக்கத்து வீட்டுத் தறி நின்றால் எனக்குத் திக்கென்கிறது. நேற்று ஒரு ஃபாரம் முழுவதையும் படித்து முடித்தபோதுதான், காலையிலிருந்து நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று தெரிந்தது. நீ பத்து மாதம் இப்படி இருந்திருக்கிறாய். அதை நான் பிரமாதம் என்று எழுதியிருக்கிறேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சட்டை ஆணியில் தொங்குவதையும் விடவில்லை. எனக்கு என்ன தோன்றியதோ, "அம்மா, நீங்க மதராசுக்கு வாரீங்களா?" என்று கேட்டுவிட்டேன். பிறந்ததிலிருந்து இதை நான் கேட்டதே இல்லை. வரமாட்டார் என்று எனக்கு நானே முடிவு செய்து வைத்திருந்தேன்.

"வாரேன்" என்றார்.

"நெசமாவா?"

"கேட்டாத்தானடா சொல்றதுக்கு? மாடி ஊடு வேண்டாம், எனக்குப் படி ஏற முடியாது. கீழ் ஊடா பாக்கச் சொல்லு. புடிக்கலீன்னா அடுத்த ரயிலுக்கே திரும்பி வந்துருவேன், ஆமா."

ஆகவே கீழ்த்தளத்தில் ஒரு போர்ஷன் பார். சின்னதாக இருந்தாலும் போதும். முதலாளிக்கும் எழுதியிருக்கிறேன். எனக்கு அவர் பழைய வேலையைக் கொடுத்தாலும் சரி, வேறு எதைக் கொடுத்தாலும் சரி. மாதக் கடைசியில் புறப்படுகிறோம். சென்ட்ரலுக்கு வந்துவிடு. அம்மாவை இறக்க எனக்கு இன்னொரு கை வேண்டும்.

"இத்தன வருசமா வராத ஆளு, இப்ப எப்படீம்மா?" என்று பிறகு கேட்டேன். அம்மா கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அவ அடுப்படியில நின்னு அழுதது எனக்குக் கேக்காதுன்னு நெனச்சுட்டிருந்தா. எந்திரிச்சுப் போயிக் கண்ணத் தொடைக்க எனக்கு அப்பக் காலு இல்ல சாமி. அந்த எடத்த நெனச்சு அப்பிடி அழுதாளே, அங்க என்னதான் இருக்குதுன்னு நானும் ஒருக்காப் போயிப் பாக்கோணும்."

உன்,
அற்புதராஜ்